'மஸ்ட் நொட்' என்றால் 'தேவையில்லை' ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் ஆங்கில 'மோடல்' வினைகளுக்கு, அதாவது முடியும், லாம், வேண்டும் போன்ற கருத்தைத் தரும் துணைவினைகளுக்கு, ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும்: 'கான்' முடியும், 'மே' லாம், 'மஸ்ட்' வேண்டும். பாடமாக்க இலகுதான். ஆனால் வசனத்தை எதிர்மறையாக்கினாலோ இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனாலோ பட்டியல் கைவிட்டுவிடும்.

'யூ மஸ்ட் பே' என்றால் காசு கட்டவேண்டும். 'யூ மஸ்ட் நொட் பே' என்றாலோ, கட்டவே கூடாது என்ற தடை. கட்டத் தேவையில்லை என்பதற்கு 'யூ டோன்ட் ஹாவ் டு பே' அல்லது 'யூ நீட் நொட் பே'. நம்முடைய 'கட்டவேண்டாம்' இரண்டு பக்கமும் இழுபடும். பிள்ளை தடுக்கி விழுவது அதில்தான். நிலாவெளி விடுதியொன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், காலைச் சாப்பாடு அறை வாடகைக்குள் அடக்கம் என்று சொல்ல நினைத்து 'யூ மஸ்ட் நொட் பே ஃபோர் பிரேக்ஃபாஸ்ட்' என்றால் வந்தவர் முழிக்கத்தான் செய்வார். எழுதுமுன் தமிழ் வசனத்தில் 'கூடாது' போட்டுப் பார்க்கட்டும். பொருந்தினால் 'மஸ்ட் நொட்'. 'தேவையில்லை' பொருந்தினால் 'டோன்ட் ஹாவ் டு'.

இறந்தகாலம் இன்னும் சிக்கல். 'அவர் கண்டிக்குப் போயிருக்கவேண்டும்' என்று தமிழில் எழுதினால் அதற்குள் இரண்டு கருத்து இருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆகவே போயிருப்பார் என்று ஊகித்தால் 'ஹீ மஸ்ட் ஹாவ் கோன்'. போவதே சரி, ஆனால் போகவில்லை என்றால் 'ஹீ ஷுட் ஹாவ் கோன்'. போகவேண்டி வந்தது, போனார் என்பது வேறு: அங்கே 'ஹீ ஹாட் டு கோ'. 'மஸ்ட் வென்ட்' என்று ஒன்று ஆங்கிலத்தில் கிடையாது. ஆனாலும் விடைத்தாளில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

'கான்' என்பதன் இறந்தகாலமான 'குட்' விடயத்திலும் ஒரு நுணுக்கம். ஆறு வயதிலேயே நீந்தத் தெரியும் என்ற பொதுவான திறமைக்கு 'குட் ஸ்விம்' சரி. ஆனால் ஒருநாள் காற்றடித்தும் வள்ளம் கரை சேர்ந்தது என்ற ஒற்றை வெற்றிக்கு 'வொஸ் ஏபல் டு ரீச்' என்றே எழுதவேண்டும். எதிர்மறையில் இந்த வேறுபாடு இல்லை. 'குடின்ட்' இரண்டுக்கும் ஓடும்.

அமைப்புப் பிழைகளுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கான், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் என்ற 9 சொற்களுக்கும் பின்னால் வினையின் அடிச்சொல் மட்டுமே வரும். 'கான் ஸ்பீக்ஸ்', 'மஸ்ட் டு கோ' இரண்டும் பிழை. இரண்டு மோடல் அடுத்தடுத்தும் நிற்காது: 'வில் கான்' இல்லை, 'வில் பி ஏபல் டு'. 'கான் ஏபல் டு' எங்கிருந்து வந்ததோ தெரியாது, படித்தவர்கள் வாயிலும் இருக்கிறது.

எழுத்தில் தப்பி, பேச்சில் மாட்டுவதும் உண்டு. 'யூ கான் ஸ்விம் ஹியர்' என்னும்போது அழுத்தம் 'ஸ்விம்' மேல் விழவேண்டும். 'கான்' ஏறக்குறைய 'கன்' என்று தேய்ந்துவிடும். நாம் 'கான்' என்பதை அழுத்தினால் கேட்பவருக்கு முடியாது என்ற 'கான்ட்' போலப் படும். மறுபக்கமும் அப்படியே: மாரிக் கடல் கொந்தளிக்கும்போது உப்புவெளியில் நின்று 'கான்ட்' என்ற கடைசி 'ட்'டை விழுங்கிச் சொல்வது ஆபத்து. 'கெனொட்' என்று முழுதாகச் சொன்னால் தீர்ந்தது.

வகுப்பில் பட்டியலை விட்டுவிட்டு ஒரே வினையை எடுத்து ஐந்து வசனம் எழுதவிடலாம்: கட்டாயம், தடை, தேவையின்மை, நேற்றைய கட்டாயம், நேற்றையது பற்றிய ஊகம். சரி பிழை பார்க்கப் பத்து நிமிடம் போதும். உங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியிலும் சொல்லுக்குச் சொல் பொருள் போடுவதற்குப் பதிலாக இப்படிப்பட்ட வசனங்களை வாரம் ஒரு வினையாக வெளியிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.