முகாம் நடந்தது சரி, வருத்தம் குறைஞ்சதோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மார்கழி மழையோட யாழ்ப்பாணத்தில டெங்கும் ஏறும், ஊர் துப்பரவாக்கிற சிரமதானமும் தொடங்கும். செய்யிற ஆக்களுக்கு நன்றி, ஆனா இத்தினை வீடு பாத்தம், இத்தினை துண்டுப்பிரசுரம் குடுத்தம் எண்ட கணக்கோட நிக்கிறதுதான் மனவருத்தம். நுளம்புக் குடம்பி, அதான் தண்ணியில கிடக்கிற நுளம்புப் புழு, குறைஞ்சதோ எண்டு அளக்க ப்ரெட்டோ சுட்டி இருக்கு, 100 வீட்டுக்கு எத்தினை பாத்திரத்தில குடம்பி கிடக்கு எண்டு பாக்கிறது, அதை வேலைக்கு முன்னமும் பின்னமும் எடுத்து ஊர் ஊரா உங்கட பேப்பரில போட்டா சனத்துக்கு விளங்கும். சலரோக முகாமும் இப்பிடித்தான். ஒருநாள் சீனி பாத்து அனுப்பினாக் காணாது, 2, 3 மாசத்து இரத்தச் சீனிச் சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி டெஸ்டை அதே ஆக்களுக்குத் திரும்பவும் செய்யோணும், வராத ஆக்களையும் தேடோணும். கூலிவேலைக்குப் போறவை பகல் முகாமுக்கு எப்பிடி வாறது? பின்னேரத்திலயும் வையுங்கோ.

சுன்னாகம் வாசகர் ஒருவர்