யோகாவுக்கு: உன் ஊதாப் பூவும் நம் இன்னலாவும்

ஹாலிஎல
ஆடி மாதம்

அன்பின் யோகா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். ஊவாப் பக்கம் காய்ந்த காற்று தொடங்கிவிட்டது. தேயிலைக்கு இது நல்ல காலம், மரக்கறிக்கு வாளி சுமக்கும் காலம். நாவலப்பிட்டிப் பக்கம் மழை விட்டபாடில்லை என்று உன் தங்கச்சி சொன்னாள்.

உன் தோட்டத்து ஊதாப் பூச்செடியின் கிழங்கை இங்கே உன் அண்ணனுக்கு அனுப்பலாமா என்று நீ கேட்ட முதல் கேள்விக்குப் பதில், அனுப்பாதே. அந்த ப்ளோமிஸ் டியூபரோசா நுவரெலியாவில் உன் அண்ணன் வீட்டு முற்றத்தில் முளைக்கலாம், இலையும் விடலாம். டொரண்டோவில் நீ பார்க்கிற அந்த ஆளுயரப் பூத்தண்டை அங்கே எதிர்பார்க்க முடியாது. படத்தில் இருப்பது சரியான செடிதான். நாற்சதுரத் தண்டு, அதில் கருஞ்சிவப்புச் சாயல், அடியில் அகன்ற இதய வடிவ இலை, தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக ஊதாப் பூ. நம் தும்பையும் துளசியும் சேர்ந்த குடும்பம். ஆனால் அது வளர்ந்த இடம் கிழக்கு ஐரோப்பா தொடங்கி மொங்கோலியா வரை போகிற புல்வெளி. அங்கே மாரியில் நிலம் உறையும், கோடையில் மழை குறைவு. நூல் மாதிரி வேரில் இடையிடையே திரண்டிருக்கிற சின்னக் கிழங்குகள் அந்த இரண்டு கெட்ட காலத்தையும் தாண்டுவதற்கான சேமிப்பு. நுவரெலியாவிலோ வருஷம் முழுக்கச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், வெயில் ஏறியதும் கரைந்துவிடும். அதைக் குளிர்காலம் என்று அந்தச் செடி ஏற்காது. ஓய்வெடுக்க அதற்குக் காலம் கிடைக்காது. வைகாசி தொடங்கி மார்கழி வரை ஈரம் நிற்கிற மண்ணில் கிழங்கு அழுகத்தான் பார்க்கும்.

ஹக்கல பூங்காவில் சீமைச் செடியெல்லாம் வளர்கிறதே என்று கேட்பாய். அது 1861இல் சிங்கோனா வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம். சிங்கோனா அந்தீஸ் மலைக்காட்டு மரம். குளிர்ந்த மலை, வருஷம் முழுக்க ஈரம் என்பது அதற்கு ஊர்ப் பழக்கம். குளிர் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது.

சட்டமும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நடுவதற்கான எதையும் முன்கூட்டியே அனுமதிப்பத்திரம் எடுத்து, அங்கிருந்து தாவர சுகாதாரச் சான்றிதழோடுதான் கொண்டுவர வேண்டும். மண் ஒட்டிய கிழங்கைப் பொதிக்குள் ஒளித்து வைத்து, அது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிபடாமல் போனால்தான் எனக்குக் கவலை. அந்த மண்ணில் என்ன புழு வரும் என்று யாருக்குத் தெரியும்?

உன் செடியைப் பிரிப்பது பற்றி: வசந்தத்தில் குருத்து விரல் நீளம் வந்ததும் செய். கொத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண் கிண்டும் முள்ளை இறக்கி, மண்ணோடு தூக்கு. இழுத்தால் மெல்லிய வேர் அறுந்து கிழங்கெல்லாம் குழியில் தங்கிவிடும். ஒவ்வொரு பிரிவிலும் குருத்துள்ள தண்டடி இருக்க வேண்டும், வெறும் கிழங்கை நம்பாதே. விதையிலிருந்து என்றால் ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் ஆறு வாரம் வைத்துவிட்டு விதை. முதல் வருஷம் இலை மட்டும்தான், அதைப் பார்த்துவிட்டு உரம் அள்ளிப் போடாதே. கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு சாயும். வெயில், வடிகால், பசி மூன்றும் இருந்தால் போதும்.

இனி, நாவலப்பிட்டியில் உன் தங்கச்சியின் கொல்லையில் என்ன வைப்பது என்ற கேள்வி. கிழங்கும் வேண்டும், பூவும் வேண்டும், அதே குடும்பமாக இருக்க வேண்டும் என்றால் இருக்கவே இருக்கிறது இன்னலா. திருநெல்வேலிப் பக்கத்தார் சிறுகிழங்கு என்று பொங்கலுக்குத் தேடுவது இதைத்தான். ஆபிரிக்காவிலிருந்து வந்த பயிர், கற்பூரவள்ளிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இலையைக் கசக்கினாலே உறவு தெரியும். நாவலப்பிட்டி உயரத்துக்கு நன்றாக வரும். பதுளை, மாத்தளை, கம்பளைக்கும் சரி. ஆயிரம் மீற்றருக்கு மேலே ஏற ஏற வளர்ச்சி மந்தம். ஹட்டனில் வைத்தால் கச்சான் கொட்டை அளவில்தான் கிழங்கு கிடைக்கும். உறைபனி பட்டால் ஒரே இரவில் கொடி கறுத்துவிடும்.

இந்தச் செடி ஓய்வெடுப்பது குளிரால் அல்ல. பகல் குறுகும்போது கிழங்கு பிடிக்கும், அதன்பிறகு இலை பழுத்துக் கொடி காயும். ஆகவே பகல் நீண்ட மாதங்களில் கொடி பரவ வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் கிழங்கு திரள வேண்டும். நம் தீவில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் வித்தியாசம் ஒரு மணிக்கும் குறைவுதான். அதுவே அதற்குப் போதும். நாவலப்பிட்டி இருக்கிற மேற்குச் சரிவில் சித்திரை மழைக்கு நாற்றுமேடை, ஆனி ஆடியில் நடவு, மார்கழியில் அறுவடை. இந்த வருஷம் கிழங்கிலிருந்து தொடங்க நேரமில்லை. அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கொடி நுனி கிடைத்தால் இந்த மாதத்துக்குள் நடட்டும், இல்லையென்றால் அடுத்த சித்திரை. ஊவாவில் கணக்கு வேறு. ஆவணியில் வாளித் தண்ணீரில் நாற்று வளர்த்து, ஐப்பசி மழைக்கு நட்டு, மாசி பங்குனியில் எடுக்கிறோம். கொடி பரவுவதற்குள் பகல் குறுகிவிடுவதால் விளைச்சல் கொஞ்சம் குறையும், அதை நெருக்கி நட்டு ஈடுசெய்ய வேண்டும்.

ஒரு பேர்ச் (சுமார் 25 சதுர மீற்றர்) நிலத்துக்கு அரைக் கிலோ விதைக்கிழங்கு போதும். ஒன்றேகால் சதுர மீற்றர் மேடை, கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண், ஆழம் 4, 5 சென்றிமீற்றர். கிழங்கை நேரடியாகப் பாத்தியில் நட்டால் என்ன என்று தங்கச்சி கேட்பாள். நடலாம். ஆனால் கிழங்கில் வேர்முடிச்சுப் புழு இருந்தால் அதுவும் கூடவே பாத்திக்கு வரும். கொடி நுனியை வெட்டி நட்டால் புழு மேடையோடு நின்றுவிடும். இரண்டு கட்டமாகச் செய்வதற்கு முதல் காரணம் இதுதான், விதைச் செலவு குறைவது அடுத்தது.

ஒன்றரை மாதத்தில் நுனி வெட்டலாம். 10 முதல் 15 சென்றிமீற்றர் நீளம், மூன்று நான்கு கணு. ஒரு பேர்ச்சுக்கு 280 நுனி வரை வேண்டும். ஒரே வெட்டில் அவ்வளவும் வராது, இரண்டு வாரம் விட்டு இன்னொரு வெட்டு. நுனியை நட்டுக்குத்தாக ஊன்றாமல், படுக்கப் போட்டு 4, 5 சென்றிமீற்றர் மண் மூடி, குருத்தை மட்டும் வெளியே விடு. கிழங்கு பிடிப்பது மண்ணுக்குள் இருக்கிற தண்டுக் கணுவில். ஒரு கணு புதைந்தால் ஒரு கொத்து, மூன்று புதைந்தால் மூன்று. வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 20 சென்றிமீற்றர். ஊவாவில் 15 போதும்.

பாத்தி விடயத்தில் நாவலப்பிட்டிக்காரர் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. 90 சென்றிமீற்றர் அகலம், உயரம் ஒரு சாணுக்கு மேல், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் வடியக் கான். சரிவுக்குக் குறுக்கே பாத்தி ஓடட்டும், கானுக்கு இலேசான வாட்டம் வை. நேர் இறக்கமாக வெட்டினால் ஒரு மழையில் மேல்மண் கீழ் லயத்து வாசலில் கிடக்கும். இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் தண்டடி அழுகும், அதற்குப் பிறகு எந்த மருந்தும் பிரயோசனமில்லை.

பழைய தேயிலை நிலம் என்றால் மண் புளிப்பாக இருக்கும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு சதுர மீற்றருக்கு 200 கிராம் டொலமைட் கலக்கட்டும். மக்கிய சாணம் அல்லது கூட்டெரு ஒரு கிலோ. இரசாயன உரம் போடுவதென்றால் கேரளத்துச் சிபாரிசை ஒரு பேர்ச்சுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன்: யூரியா 325 கிராம், டிஎஸ்பி (மணிச்சத்து உரம்) 325, எம்ஓபி (சாம்பல்சத்து உரம்) 400. டிஎஸ்பி முழுவதும் அடியுரம். மற்ற இரண்டிலும் பாதி அடியில், பாதி 45ஆம் நாள். அதே 45ஆம் நாள் களை எடுத்து மண் அணைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கொடி மேலே படர்ந்து கிடக்கும், மண்ணுக்குள் போக வேண்டிய கணுவெல்லாம் இலைக்கே வேலை செய்யும். தேயிலைக்குப் போட்டு மிஞ்சிய கலவையை வீசுகிற பழக்கம் லயத்துத் தோட்டங்களில் உண்டு. அதில் தழைச்சத்து கூட. பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், கிண்டினால் ஒன்றும் இராது. இன்னலாவை ஊட்டி வளர்த்துக் கெடுக்கிறவர்கள்தான் அதிகம்.

வேர்முடிச்சுப் புழுவுக்குத்தான் நான் உண்மையில் பயப்படுகிறேன். உச்சி வெயிலில் செடி வாடும், மாலையில் தேறும். வேரில் மணிமணியாக முடிச்சு. கிழங்கு கோணல்மாணலாகித் தோல் வெடிக்கும், எடுத்து வைத்தால் அழுகும். தக்காளி, கத்தரி, போஞ்சி, கரட் இருந்த பாத்தியில் அடுத்த பயிராக இன்னலா வைக்காதே. சோளமோ குரக்கனோ ஒரு போகம் போன பிறகு வை. செண்டுமல்லியை ஓரத்தில் நாலு செடி வைத்தால் புழு ஓடும் என்பது வீண் நம்பிக்கை. பாத்தி முழுக்க மூன்று நான்கு மாதம் நின்றால்தான் பலன். வத்தாளைக் கிழங்கிலே (சர்க்கரைவள்ளி) ஸ்ரீபத்ரா என்று ஒரு கேரள ரகம் உண்டு. வேருக்குள் புழுவை உள்ளே விட்டுப் பெருக விடாமல் அடக்கிவிடும் என்பதால் அங்கே நாற்றுமேடையில் இன்னலாவுக்கு முன் பயிராகப் போடச் சொல்கிறார்கள். இங்கே கையில் கிடைக்காத வரை பயிர் மாற்றம்தான் வழி. காட்டுப் பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் தகரவேலி தவிர எனக்கு வேறு யோசனை தெரியாது.

கதிர் மாதிரி நுனியில் வெளிர் ஊதாப் பூ வரும். உன் ப்ளோமிஸ் அளவுக்குக் கம்பீரம் இல்லை. விதை பிடிப்பது அபூர்வம், அதனால் கிள்ளி எறியவும் தேவையில்லை.

நட்டு ஐந்தாம் மாதம் இலை பழுத்து விழத் தொடங்கும். முழுக்கக் காயட்டும் என்று மழைக்குள் காத்திருக்கக்கூடாது. தொடர்ந்து மூன்று நாள் வெயில் கிடைத்தால் உடனே கிண்டு. பிந்தினால் ஈரத்தில் கிழங்கு அழுகும், தப்பியது மறுபடி முளைக்கும். பேர்ச்சுக்கு 20 கிலோ வந்தால் நல்ல விளைச்சல். கழுவாமல் நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திவிட்டு, விதைக்கு வேண்டியதை உடனே பிரி. தோல் வழவழப்பாக, முடிச்சு இல்லாமல், பெருவிரல் பருமனில் இருப்பவை. பெரியதைக் கறிக்கு எடுத்துவிட்டுச் சொத்தையை விதைக்கு வைப்பது நம் ஆட்களின் பழைய வியாதி. உலர்ந்த மணலில் அடுக்கிப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

தோல் உரிப்பதற்குப் பயந்தே பலர் இதை வாங்குவதில்லை. அரை மணி ஊற வைத்துச் சாக்கில் போட்டு, ஒரு பிடி கல்லுப்பும் சேர்த்துக் கல்லில் உருட்டித் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் போய்விடும். கண்ணை மட்டும் கத்தியால் சுரண்டு. உரித்ததைத் தண்ணீரிலேயே போட்டு வை, வெளியில் இருந்தால் கறுக்கும். கையில் முதலே தேங்காயெண்ணெய் பூசினால் கறை இறங்காது. பாலும் மாசிக்கருவாடும் போட்டு வெள்ளைக்கறி வைப்பதுதான் இதற்கு மரியாதை.

உனக்கு அங்கே வேண்டுமென்றால் வாளியில் வளர்க்கலாம் மச்சான். கடையில் உறையவைத்த பொதியில் வருவது முளைக்காது, பச்சைக் கிழங்காகத் தேடு. சித்திரையில் வீட்டுக்குள் முளைக்க வைத்து, பனி முற்றாக விட்டதும் வெளியே வை. ஆனியில் உங்களுக்குப் பகல் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல், அதனால் கொடி காடாக வளரும், கிழங்கு பிடிக்காது. பகல் தானாகப் பன்னிரண்டு மணிக்குக் குறையும்போது புரட்டாசி வந்துவிடும், பின்னாலேயே உறைபனியும் வரும். ஓகஸ்ட் முதல் வாரத்திலிருந்து மாலை ஆறுக்கு வாளியை வெளிச்சம் புகாத கறுப்புத் துணியால் மூடி, காலை எட்டுக்குத் திற. ஒரு நாளும் தவறக்கூடாது, நடுவில் வெளிச்சம் பட்டால் செடி மறுபடி கொடிக்குத் திரும்பும். இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் வெயில் விழும் சன்னலுக்குள் எடுத்து வை. 20 லீற்றர் வாளி, அடியில் ஐந்தாறு துளை, இரண்டு நுனி போதும், மூன்று வைக்காதே.

தங்கச்சி எந்தப் பக்கம் பார்த்த சரிவில் பாத்தி போடப் போகிறாள், அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு எழுது. தக்காளி நின்ற இடம் என்றால் நான் சொன்ன மாதக் கணக்கு ஒரு போகம் தள்ளிப்போகும்.

அன்புடன்,
தேவா