சட்டைப்பின் குத்திய செருப்பு

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள வதனி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாத குற்றம் என் தலையில்தான். திட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வை. எங்கள் வீட்டுக்குள் கள்ளன் வந்துவிட்டான்.

போன செவ்வாய், விடியப்புறம் இரண்டேகால் மணி. குசினிப் பக்கம் ஒரு மூடி விழுந்த சத்தம். பூனை என்று நினைத்தேன். அப்புறம் அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. பூனை அலுமாரி திறக்குமா? இவரைத் தட்டினேன். எழும்பிய மனிதர் ரோச்சைத் தேடவில்லை. லாச்சியை இழுத்து அடையாள அட்டையை எடுத்தார்!

சிரிக்காதே. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த எங்கள் சனத்தைப் பொலிஸ் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அந்தக் கிழமை முழுக்க இவர் சேர்ட்டும் அட்டையுமாகத்தான் படுத்தார். இரவில் சத்தம் கேட்டால் கை இன்னும் அங்கேதான் போகிறது.

அட்டையைக் கண்டதும் தனக்கே வெட்கமாகி, வீரம் ஏறிவிட்டது. வெளியே பாயப் போனவரைச் சாரத்தில் பிடித்து இழுத்தேன். அறைக்கு உள்கொண்டி போட்டு, லைற்றைப் போட்டு, 119க்கு அடித்தேன். பிறகு இரண்டு பேரும் கத்தினோம். நான் "கள்ளன், கள்ளன்" என்கிறேன், இவர் மரியாதையாகச் சிங்களத்தில் "கவுத?", யார் என்று கேட்கிறார். முன்வீட்டுச் சிங்கள மஹத்தயா "ஹொரா! ஹொரா!" என்று தொடங்கிய பிறகுதான் லேன் எழும்பியது. வந்தவன் பின்கதவால் பறந்துவிட்டான். போனது இவருடைய போனும் என் கைப்பையும்.

மருமகன் வந்து சட்டம் சொன்னார். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புக்கு இடம் தருகிறதாம். இரவில் வீடுடைத்து வருபவன் விஷயத்தில் அது உயிர் போகும் அளவுக்குக்கூட நீளுமாம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது, ஓடுகிறவனைத் துரத்தி அடித்தால் கூண்டில் நிற்பது நீங்கள்தான் மாமா என்றார். மாமா முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, இரும்பு அலவாங்கு ஒன்று வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். பைபாஸ் செய்த நெஞ்சு, நாலு படி ஏறினாலே மூச்சு! இருட்டில் அது முதலில் கள்ளன் கைக்குத்தான் போகும் என்றால் கேட்கிறாரில்லை. போகிறவனுக்குப் பின்கதவை விட்டுக்கொடுக்க வேண்டும், போன் போனால் போகட்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

என் மடைவேலையையும் கேள். பொலிஸ் வரப்போகிறதே, குசினி இந்தக் கோலத்தில் கிடக்கிறதே என்று, ஈரக் கால் தடம் முழுவதையும் துடைத்து, யன்னலடியை டெற்றோல் போட்டுக் கழுவிவிட்டேன். கைரேகை எடுக்க வந்த பொடியன் தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அம்மே..." என்றான், அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி மிஸ் இருந்திருந்தால் துப்புரவுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருப்பா.

அவர்கள் போன பிறகுதான் கண்டேன். பின்படியில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் ஒரு சோடி றப்பர் செருப்பு. கோயிலுக்கு வந்தவன் மாதிரிக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறான். ஒரு வார் அறுந்து சட்டைப்பின் குத்தியிருக்கிறது. பொலிஸில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்கிறார் மருமகன். நாளைக்கு, நாளைக்கு என்று இழுக்கிறேன். அதைப் பார்த்தால் கோபம் வர வேண்டும், வரவில்லை வதனி.

சரி, ஆடிவேல் திருவிழாவுக்கு வருகிறாய்தானே? இரவுக் கோச்சியில் வந்து விடியமுன் இறங்கினால் கதவைத் தட்டாதே. கேற்றுக்கு வெளியே நின்று போன் அடி. அலவாங்கு இன்னும் கட்டிலுக்குக் கீழேதான்.

உன்,
சாந்தா