கடலில் இறங்கும் முன் மலையிலேயே பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை நான். கடந்த பிப்ரவரி மாதம் எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் 42 பேரை, மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே பாக் விரிகுடாக் கரையோரமாக உள்ள பவளப்பாறைகளைக் காண அழைத்துச் சென்றோம். முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து, நீர்ப்பரப்பில் குப்புற மிதந்தபடி பாறைகளைப் பார்க்கும் ஸ்நோர்க்கலிங்தான் அன்றைய முக்கிய நிகழ்வு. ஊர் திரும்பிய பிறகு, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் மலைப்பிள்ளைகளுக்குக் கடலில் என்ன வேலை, இனி இப்படியொரு பயணம் வேண்டாம் என்று பெற்றோர் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இப்பயணம் நிற்கக் கூடாது. ஆனால் நாங்கள் போனதுபோல் இனி எந்தப் பள்ளியும் போகக் கூடாது. இதைச் சொல்லவே இக்கடிதம்.

எங்கள் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் ஐந்து பேர்கூட இல்லை. மேல்மலையில் ஏரி உண்டு, ஓடை உண்டு. அந்தக் குளிர்நீரில் இறங்கி யாரும் நீந்திப் பழகுவதில்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் மிதவை உடையைக் கட்டிவிட்டு, குழலை வாயில் எப்படிக் கவ்வுவது என்று ஐந்து நிமிடம் காட்டியதோடு சரி. 42 பேருக்கு வழிகாட்டிகள் இருவர். நெஞ்சளவு ஆழம்தான் என்றாலும், முகமூடிக்குள் உப்புநீர் புகுந்ததும் பதறிப்போன மாணவன் ஒருவன் சட்டென்று காலை ஊன்றிவிட்டான். மான்கொம்புபோல் கிளைத்திருந்த பவளம் அவன் காலடியில் நொறுங்கியது. பாதம் கிழிந்து ரத்தம் வந்தது. அவனைப் பிடிக்கப் போன மூவரும் அதே இடத்தில்தான் நின்றார்கள். வழிகாட்டியாக வந்த மீனவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "நிக்காதீங்க தம்பி, படுத்து மிதங்க, அது உசுரோட இருக்கு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிப் பழக்காமல் விட்டது ஆசிரியர்களாகிய எங்கள் தவறும்தான்.

பவளம் குழியுடலி வகை உயிரினம் என்பதைப் பாடத்தில் நடத்தியிருக்கிறேன். ஆனால் சுண்ணாம்பு எலும்புக்கூட்டின்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சதைதான் அந்த உயிர் என்பதையும், அந்தச் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு சமைத்துத் தரும் உணவில்தான் அது பெரும்பாலும் வாழ்கிறது என்பதையும், கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பாசிகளை இழந்து அது வெளுத்துப்போகிறது என்பதையும் அங்கே நின்றபோதுதான் பிள்ளைகள் உள்வாங்கினார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் 2010-லும் 2016-லும் இப்படிப் பெருமளவில் பவளங்கள் வெளுத்தன. அதற்கு முன்பு, பல பத்தாண்டுகளாக இப்பகுதிப் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் சேர்க்கப்பட்டன. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஒரு முழ உயரப் பவளம் எங்கள் மாணவர்களைவிட மட்டுமல்ல, என் சக ஆசிரியர்கள் சிலரைவிடவும் மூத்தது. இத்தனையையும் தாங்கி நிற்கும் ஒன்றை, படிக்கப் போன நாமே மிதித்துவிட்டு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கிளி மீன் பாறையைக் கொறிக்கும் சத்தத்தைத் தண்ணீருக்குள் காதால் கேட்ட மாணவி ஒருத்தி, அன்றிரவு முழுவதும் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரும் வழியில் மலைப்பாதையோரக் காட்சிமுனையான டம் டம் பாறையில் நின்று பார்த்த எலிவால் அருவியின் தண்ணீர் இங்கே வருமா என்பது அவற்றில் ஒன்று. அந்த அருவி மஞ்சளாற்றில் விழுகிறது. மஞ்சளாறு வைகையில் சேர்கிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மிஞ்சும் வைகை வெள்ளம் ஆற்றங்கரை என்ற ஊரருகே இதே பாக் விரிகுடாவில்தான் கலக்கிறது. சேற்றுநீர் கலங்கினால் வெயில் உள்ளே இறங்காது, மண் படிந்தால் பவளம் மூச்சுமுட்டும் என்று விளக்கியபோது, சரிவில் வரப்பில்லாமல் உழுத தங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி அவளே பேசினாள். வகுப்பறையில் பல ஆண்டுகள் முயன்றும் என்னால் இந்தப் பேச்சை வரவழைக்க முடிந்ததில்லை.

எனவே பள்ளிக் கல்வித் துறையும் வனத் துறையும் சேர்ந்து, இத்தகைய பயணங்களுக்கு அனுமதி தரும்போதே சில நிபந்தனைகளை விதிக்க வேண்டும். வத்தலகுண்டு, பெரியகுளம் போன்ற அடிவார ஊர்களில் நீச்சல் தெரிந்தவர்களைக் கொண்டு, மிதக்கவாவது இரண்டு மூன்று நாட்கள் பழக்கிய பிறகே பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பலாம். முகமூடியோடு மூச்சுவிடும் பழக்கத்துக்கு, பள்ளியிலேயே ஓர் அண்டா வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கில், கடலறிந்த உள்ளூர் மீனவர்களையும் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் உரிய ஊதியம் கொடுத்து அமர்த்த வேண்டும். பயமுள்ள பிள்ளை கரையில் இருந்துகொள்ளலாம், அதற்காக மதிப்பெண் குறையாது என்பதையும் எழுத்தில் தர வேண்டும். வெயிலுக்குப் பூசும் களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை போதும். பவளத்துக்குத் தீங்கான களிம்புகளைப் பலாவ் நாடு 2020 முதலே தடை செய்திருக்கிறது.

அடுத்த பயணத்துக்கான விண்ணப்பத்தை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே நாங்கள் அனுப்பியாக வேண்டும். அதற்குள் இவ்விதிகள் வந்துவிட்டால், தயங்கும் பெற்றோரிடம் அவற்றைக் காட்டி நானே பேசிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை,
மேல்மலை, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.