நாலு மணிக்கு வந்து என்னைத் திருப்பிப் படுக்க வைத்தவர்களுக்கு

போச்சம்பள்ளிப் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்து, தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை. உட்கார்ந்த இடம் வலித்தால் மற்றவர்கள் தன்னையறியாமல் நகர்ந்துகொள்வார்கள். எனக்கு அந்த வலியே தெரியாது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் நாள் முழுக்கச் சக்கர நாற்காலியிலேயே இருந்தேன். ராத்திரி பார்த்தால் உட்காரும் எலும்பின் மேல் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. களிம்பு தடவிக்கொண்டு மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் எலும்பு தெரிந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர் அக்கா புண்ணைப் பார்த்ததும், "மருந்து அப்புறம் தம்பி, முதல்ல அந்த இடத்துல பாரம் விழக் கூடாது" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அவர்தான். அங்கே கறுத்த சதையை வெட்டியெடுத்து, புண் சுத்தமானதும் பக்கத்துச் சதையைத் திருப்பிவைத்துத் தைத்த டாக்டர்களுக்கு என் கும்பிடு.

அப்புறம் ஆறு வாரம் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், ராத்திரியிலும். என் மனைவி ஒருத்தியால் எப்படி முடியும்? பத்து மணிக்கு டீக்கடை அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வருவார். பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் என் மனைவியும் மச்சானும். நாலு மணிக்குப் பால் கறக்கப் போகும் அண்ணன். ஒரு நாள்கூட அவர் தவறவில்லை, மழை பெய்த நாளிலும்.

முட்டை தின்றால் சீழ் பிடிக்கும் என்று ஊரே சொன்னது. புண் வழியாகவே சத்து வடிந்துபோகும், புரதம் இல்லாமல் சதை வளராது என்று அக்கா பொறுமையாகச் சொல்ல, எதிர்வீட்டுப் பாட்டி தன் கோழி இட்ட முட்டையைத் தினமும் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டி, அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறீர்களே!

கால் மணி நேரத்தில் தொடங்கி, இப்போது ஒரு மணி நேரம் உட்கார்கிறேன். நடுநடுவே முன்னால் குனிந்து பாரம் இறக்குகிறேன். தினமும் மகள் போனில் படம் எடுத்து, சிவப்பு இருக்கிறதா என்று காட்டுகிறாள்.

பால்கார அண்ணே, இனி வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் நாலு மணிக்கு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறீர்கள். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டுத்தான் விழித்து, நானே கட்டில் கம்பியைப் பிடித்துத் திரும்பிப் படுக்கிறேன்.