ராத்ஸ்சைல்ட் படம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் திரைப்படக் கழகத்தில், ராத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கிக் குடும்பத்தின் கதையான ‘தி ஹவுஸ் ஆஃப் ராத்ஸ்சைல்ட்’ (1934) போடப்போவதாக எழுதியிருந்தாய். “யூதர்களுக்கு ஆதரவான படம்தானே அண்ணா, இதில் என்ன வம்பு?” என்றும் கேட்டிருந்தாய். ஆதரவான படம்தான். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே, யூதர்களை வெறுக்கும் பிரஷ்யப் பிரபுவை வில்லனாக நிறுத்த ஹாலிவுட்டில் துணிச்சல் வேண்டும். அந்த வில்லன் போரிஸ் கார்லாஃப். பிராங்கன்ஸ்டைன் பூதமாக வந்தவரேதான்.

ஆனால் தொடக்கத்தைக் கவனி. பிராங்பர்ட்டின் யூதத் தெரு. வரி வசூலிக்க ஆள் வருகிறான் என்றதும் குடும்பத் தலைவர் மாயர் பணத்தை ஒளிக்கிறார், இறைச்சியை மறைக்கிறார்கள், பிள்ளைகள் பசித்த முகத்தோடு நிற்க வேண்டும். யூதர்கள்மேல் விழுந்த அநியாய வரியைக் காட்டத்தான் அந்தக் காட்சி. ஆனால் மனதில் தங்குவது வரி அல்ல, ஒளிக்கும் கைகள். முதல் முறை நானும் சிரித்தேன்.

1940-ல் ‘நித்திய யூதன்’ என்ற நாஜிப் பிரச்சாரப் படம் இதே காட்சியை அனுமதி கேட்காமல் எடுத்துச் செருகிக்கொண்டது. நடிப்பில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பின்னணிக் குரல் ஒன்று போதுமாயிருந்தது. அமெரிக்க யூதர்களே எடுத்த படம் என்றது அந்தக் குரல். தயாரிப்பாளர் டாரில் ஸானக் யூதரே அல்ல. மாயராக நடித்த ஜார்ஜ் ஆர்லிஸும் அல்ல.

மாயரின் மரணப்படுக்கைக் காட்சியையும் நாஜிகள் விடவில்லை. ஐந்து மகன்களை ஐந்து நகரங்களுக்குப் போகச் சொல்லிவிட்டுத் தந்தை கண் மூடுகிறார். உலகை வளைக்கப் போட்ட திட்டமாம்! உண்மையில் மகன்களில் ஒருவரான நேதன் 1798-லேயே இங்கிலாந்து போய்விட்டார், அதுவும் துணி வியாபாரத்துக்கு. மாயர் இறந்தது 1812-ல். வியன்னா, நேப்பிள்ஸ் வங்கிக் கிளைகள் அதற்கும் பிறகு வந்தவை. திரைக்கதை வசதிக்காக இருபது ஆண்டுக்கு மேற்பட்ட வியாபாரத்தை ஒரு கட்டிலருகே சுருக்கினார்கள். சதிக்கதைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அன்று யூதர்களுக்கு நிலம் வாங்கத் தடை, கைவினைச் சங்கங்களில் இடமில்லை. இப்படிக் கதவுகளை அடைத்துவிட்டு வட்டித் தொழில் போன்ற சிலவற்றை மட்டும் திறந்துவைத்தவர்கள் யார் என்பதைப் படம் தொட்டும் தொடாமலும் போகிறது. அதே தெருவில் பழைய துணி விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

திரையிடலை நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் விளக்கைப் போட்டு, அந்த வரிக் காட்சியை ஒலியில்லாமல் இன்னொரு முறை ஓட்டு. பிறகு 1940-ஐப் பற்றிச் சொல். கடைசிக் காட்சி மட்டும் வண்ணத்தில் வரும், பிரதியைப் பார்த்து வாங்கு. சிலவற்றில் அதுவும் கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது.

அன்புடன்,
அண்ணன்