மேல்மாடி மண்டபத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்

வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கம்பியூட்டர் விளையாட்டுக்கு இனி மண்டபம் இல்லை என்று லிஃப்ட் வாசலில் நீங்கள் ஒட்டிய அறிவித்தலைப் பார்த்தேன். போன மாதம் பிள்ளைகள் இரவு பதினொரு மணிவரை சத்தம் போட்டது உண்மை. கூட இருந்த நான் அடக்கியிருக்க வேண்டும். நாலாம் மாடி அம்மாவிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். அதற்காக மண்டபத்தையே பூட்டலாமா?

அன்று அங்கே என்ன நடந்தது என்று உங்களில் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. எட்டுப் பிள்ளைகள், எட்டுக் கம்பியூட்டர்கள், அவற்றைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்க நடுவில் ஒரு நெட்வேர்க் சுவிட்ச். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய கேபிளின் முனைகளை, ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பையன் ஒருவன் தானே பொருத்தினான். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எட்டுக் கம்பிகளையும் அடுக்கினான். முதல்தரம் பிழைத்தது. வெட்டிவிட்டு மறுபடி செய்தான். விளையாடியது 1999இல் வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டின் பழைய பதிப்பு. அதற்கு இணையமே வேண்டாம். எட்டுப் பேர்வரை சேரலாம்.

ஐந்தாம் மாடிச் சிங்களப் பையனும் என் மகனும் நாலு வருடமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலில் பேசிக்கொண்டார்கள். பாதி சிங்களம், பாதி தமிழ், மிச்சம் கைச்சாடை. இதே பிள்ளைகள் மற்ற நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்செட்டோடு, முகம் தெரியாத யாரோடோ விளையாடுகிறார்கள். எனக்குப் பயம் அந்தச் சாத்திய கதவில்தான்.

2007இல் எனக்கு இருபது வயது. காலி வீதியருகே ஒரு நண்பன் வீட்டில் ஐந்து பேர் கூடி கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடுவோம். அடையாள அட்டை இல்லாமல் வாசல் தாண்ட முடியாத யுத்த காலம். இருட்ட முன்னர் சோதனைச்சாவடி கடந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். பயத்தை மறந்து வாய்விட்டுச் சிரித்தது அந்தச் சில மணி நேரம்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. கூடி இருக்க ஓர் இடம்தான் இல்லை.

மின்சாரச் செலவையும் எழுதியிருந்தீர்கள். ஒரு கம்பியூட்டர் 400 வாட் எடுத்தாலும் எட்டுக்கும் 3,200 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 16 யூனிட். அந்தக் காசைப் பெற்றோர் கட்டுவோம். 13 அம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும் என்பதால், இரண்டு சுவர்களிலுமாகப் பிரித்துக் கொழுவுவோம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்றிலிருந்து எட்டு மணிவரை போதும். முழு நேரமும் நான் இருப்பேன். எட்டரைக்குள் மண்டபத்தைக் கூட்டித் துப்புரவாக்கி, சாவியைக் காவலாளி ஐயாவிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஆறாம் மாடியில் வசிக்கும் ஒரு தகப்பன்